திருநாளைத் தேடும் கடதாசி: கூழ்ச் சிற்பக் கலையும் யாழ்ப்பாணத் தீவகமும்

கடதாசிக் கூழில் உருவம் செய்வதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கழிவில் இருந்தே தொடங்குவார்கள். வாசித்து முடித்த பத்திரிகை வீணாகிறது. ஊறவைத்து அரைத்துப் பசை சேர்த்தால் பொம்மையாகும். செலவும் குறைவு, சூழலுக்கும் நல்லது என்பார்கள். இதில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இந்த நியாயத்தை மட்டும் நம்பி நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகள் ஒரு கண்காட்சியோடு ஓய்ந்துபோவதைப் பலரும் பார்த்திருக்கிறோம். கற்றவர் வீட்டு அலுமாரியில் ஒரு யானையோ மயிலோ மிஞ்சும். அடுத்த ஆண்டு அதைத் திரும்பச் செய்ய வேண்டிய தேவை யாருக்கும் இராது.

அதே பழைய கடதாசியும் அதே மாப்பசையும் உலகின் வேறு சில ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கலையாக நிலைத்திருக்கின்றன. அந்த ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெளிவாகத் தெரிகிறது. மலிவான மூலப்பொருள் ஒரு நாட்டார் கலையைத் தொடங்கிவைக்கலாம். அதை வாழவைப்பது, ஆண்டுதோறும் அதைக் கேட்டு வாங்கும் ஒரு நாள். இந்தக் கட்டுரை நிறுவ விரும்புவது இதைத்தான். வேலணைத் தீவின் சரவணை போன்ற ஓர் ஊரில் இருந்து பார்க்கும்போது இந்தக் கருத்துக்குக் கூடுதல் பொருள் உண்டு. பண்ணைப் பாலம் கடந்து குறிகட்டுவான் துறை வரை நீளும் தீவகத்தின் அறியப்பட்ட கைவினை பனையோலைதான். ஆனால் கடதாசிச் சிற்பத்துக்கு வேண்டிய பொருளும், கைப்பழக்கமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திருநாட்களும் இங்கே நிறைய இருக்கின்றன.

சமையற்கட்டில் இருந்து வந்த கலை

காகிதக் கூழ்க் கலை என்றதும் பலருக்கும் காஷ்மீரின் பூவேலைப் பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். 15ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் மத்திய ஆசியக் கைவினைஞர்கள் வழியாக வந்த கலை அது. கடதாசியை நாட்கணக்கில் ஊறவைத்து, வைக்கோலும் மயில்துத்தமும் சேர்த்து இடித்து, அச்சின் மேல் அப்பி உலர்த்துவார்கள். உலர்ந்ததை இரண்டாக வெட்டிக் கழற்றி மீண்டும் ஒட்டுவார்கள். உருவத்தை ஆக்குபவர் ஒருவர். அதன்மேல் ஓவியம் தீட்டுபவர் இன்னொருவர். அரசவையின் எழுதுகோல் பெட்டிகளில் வளர்ந்த நுணுக்கம் அது.

நம் வீடுகளின் கடதாசிக் கூழுக்கு இப்படிப்பட்ட அரசவைப் பின்னணி இல்லை. தமிழ்நாட்டில் பல வட்டாரங்களிலும் பாட்டிமார் கைப்பட இதைச் செய்திருக்கிறார்கள். பழைய கடதாசியை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் அரைப்பார்கள். அந்தக் கூழை முறத்திலும் மூங்கிற் கூடையிலும் பூசி இடுக்குகளை அடைப்பார்கள். குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் கூழை அப்பிக் காயவைத்து, கழற்றியெடுத்துக் கூடையாகப் பயன்படுத்துவதும் உண்டு. வெந்தயம் சேர்த்ததற்குக் காரணம் இருந்தது. அதன் விதையில் உள்ள பசைத்தன்மையான மாச்சத்து நீரில் ஊறியதும் வழவழப்பாக வெளிவந்து கடதாசி நாரைப் பிணைக்கிறது. அதன் கசப்புப் பூச்சியை அண்டவிடாது என்பது அந்தப் பெண்களின் அனுபவ அறிவு. கடைப்பசை வேண்டியிருக்கவில்லை.

பீகாரின் மிதிலைப் பகுதியிலும் இதே வீட்டு வழக்கம் இருந்தது. மதுபனி மாவட்டத்தின் சுபத்ரா தேவி, ஊர்ப் பெண்கள் கூழில் பாத்திரம் வனைவதைச் சிறுவயதில் பார்த்துப் பழகியவர். அந்தக் கையால் மனித உருவங்களையும் விலங்குகளையும் செய்யத் தொடங்கினார். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சமையற்கட்டுக் கைவேலை சிற்பமாக வளர முடியும் என்பதற்கு நம் காலத்தில் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பத்திரிகைத் தாளின் குணம்

ஒரு பத்திரிகைத் தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். பிறகு குறுக்கே கிழியுங்கள். ஒரு பக்கம் நேர்கோடாகக் கிழியும். மற்றப் பக்கம் கோணல்மாணலாகப் போகும். ஆலையில் கூழ் ஓடிய திசையில் நார்கள் படிந்திருப்பதே இதற்குக் காரணம். உருவம் செய்பவர் கற்க வேண்டிய முதற்பாடம் இது. நேராகக் கிழியும் திசையில் நீளத் துண்டுகளைக் கிழித்துக்கொள்ள வேண்டும். ஒரு படையை நெடுக்காக ஒட்டினால் அடுத்த படையைக் குறுக்காக ஒட்ட வேண்டும். அப்படிச் செய்தால் உலரும்போது உருவம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளாது. கத்தரிக்கோலால் வெட்டிய விளிம்பு மேற்பரப்பில் வரம்பாகத் தெரியும். கையால் கிழித்த விளிம்பில் நார் பிசிறாக நிற்பதால் அடுத்த துண்டோடு இழைந்துவிடும். அதனால்தான் தேர்ந்த கைவினைஞர்கள் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.

பத்திரிகைத் தாள் உயர்ந்த தாள் அல்ல. மரத்தை அரைத்த கூழிலிருந்தும் பழைய கடதாசியில் இருந்தும் செய்யப்படுவது; நார் குட்டையானது; மரத்தின் லிக்னின் அதில் தங்கிவிடுவதால் வெயில் பட்டால் மஞ்சளாகும். ஆனால் இந்தக் குறைகளே சிற்பிக்கு உதவுகின்றன. நீர் புகாமல் தடுக்கும் பூச்சு இதில் மிகக் குறைவு என்பதால் தாள் விரைவில் ஊறி விரைவில் கரைகிறது. பளபளப்பான சஞ்சிகைத் தாளில் களிமண் பூச்சு இருப்பதால் அது இவ்வளவு எளிதாக இணங்காது. ஊறிய நார்கள் ஒன்றையொன்று நெருங்கி, நீர் வற்றும்போது தாமாகவே பிணைந்துகொள்கின்றன. கடதாசி கடதாசியாக நிற்பதே இந்தப் பிணைப்பினால்தான். பசை அதற்குத் துணை.

செய்முறை இரண்டு வகை. அச்சின் மேல் துண்டு துண்டாகப் படை ஒட்டுவது ஒன்று. கூழைப் பிசைந்து அப்புவது மற்றொன்று. புதிதாகக் கற்பவர்கள் கூழைக் கட்டியாக அப்பிவிடுவார்கள். வெளிப்புறம் காய்ந்து இறுகியபின்னும் உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். சுருங்கும்போது வெடிப்பு விழும். இரண்டு முறைகளையும் சேர்த்துக் கையாள்வதே நல்லது. அச்சுக்கு மேல் முதற்படையைப் பசையில்லாமல் வெறும் நீரில் நனைத்து ஒட்டினால் உருவம் பின்னர் எளிதாகக் கழலும். அதன்மேல் பசை தோய்த்த துண்டுகளை ஆறேழு படையாக ஒட்டவேண்டும். இரண்டு மூன்று படைக்கு ஒருமுறை வெயிலில் வைக்கவேண்டும். உள்ளீடற்ற, பாரமில்லாத உடல் கிடைத்தபின் மூக்கு, இமை, உதடு, நகம் போன்றவற்றுக்கு மட்டும் மெல்லிய கூழ் போதும். கடைசியில் சோக்குப் பொடியும் பசையும் கலந்து பூசி, அரத்தாளால் தேய்த்தால் வர்ணம் ஏற்கும் வெண்பரப்பு தயார்.

அச்சு மையைப் பற்றியும் ஒரு சொல். கரிமையும் எண்ணெயும் கலந்த அந்த மை கூழைப் பிசையும் கையில் ஒட்டும். பழைய காலத்துக் கூடைகளில் தானியம் வைத்தார்கள் என்பதற்காக இன்றைய பல்வண்ண அச்சுத் தாளில் செய்த பாத்திரத்தில் உணவு வைக்கக் கூடாது. சிற்பத்துக்கு அந்தத் தடை இல்லை. வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி.

ஆண்டுதோறும் கேட்கும் நாள்

மெக்சிக்கோவில் புனித வாரத்தின் சனிக்கிழமையன்று யூதாசின் உருவத்தைப் பொது இடத்தில் வெடி வைத்துக் கொளுத்துவது பழைய வழக்கம். அந்த யூதாசுகள் கடதாசியும் பசையும் கொண்டு செய்யப்பட்டவை. ஒவ்வோர் ஆண்டும் எரிவதால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்தாக வேண்டும். இந்தத் தேவைதான் மெக்சிக்கோ நகரில் கடதாசிக் கலைஞர் குடும்பங்களைப் பிழைக்கவைத்தது. அப்படி யூதாசு செய்துவந்த பெத்ரோ லினாரெஸ், 1936 அளவில் நோயுற்றுக் கிடந்தபோது கனவில் கண்ட விசித்திர விலங்குகளைக் கடதாசியில் செய்தார் என்பது வரலாறு. இறகு முளைத்த கழுதை, கொம்புள்ள சேவல் எனத் தொடங்கிய அந்த உருவங்கள் 'அலெப்ரிகே' என்ற பெயரில் இன்று மெக்சிக்கோவின் அடையாளங்களுள் ஒன்று. 1990இல் அவருக்கு அந்த நாட்டின் தேசியப் பரிசு கிடைத்தது. கனவு அவருடையது, கை அவருக்குத் திருநாளால் வந்தது. எரியப்போகும் யூதாசுகளை ஆண்டுக்கணக்கில் செய்து பழகியிராவிட்டால் அந்தக் கனவு உருவம் பெற்றிருக்காது.

ஜப்பானின் தக்கசாக்கி நகரக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்மெய் பஞ்சம் அந்த வட்டாரத்து உழவர்களை வாட்டியது. அங்குள்ள தருமா கோயிலின் துறவி ஒருவர் மர அச்சு ஒன்றைச் செதுக்கிக் கொடுத்து, குளிர்காலத்தில் கடதாசித் தருமா பொம்மைகள் செய்ய உழவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். புத்தாண்டையொட்டிக் கோயிலில் கூடும் சந்தையில் அவை விற்றன. வாங்குபவர் ஒன்றை நினைத்து பொம்மைக்கு ஒரு கண் வரைவார். நினைத்தது நிறைவேறினால் மறுகண்ணை வரைவார். ஆண்டு முடிவில் பழைய பொம்மை கோயிலுக்குத் திரும்பி வந்து எரியூட்டப்படும். புதியது வீட்டுக்குப் போகும். தக்கசாக்கியில் இன்றும் பெருந்தொகையாகத் தருமா செய்யப்படுகிறது. அந்தத் துறவி தொழில் கற்பித்ததோடு நின்றிருந்தால் இது நடந்திருக்காது. தொழிலையும் சந்தை நாளையும் அவர் ஒன்றாக இணைத்தார்.

தமிழ்நாட்டிலும் இதே நியதிதான். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பாவாடை, உடல், தலை எனத் தனித்தனியாகச் செய்த பாகங்களைக் கம்பி முனையில் தொங்கவிட்டு ஆடவைப்பது. காற்றுப் பட்டாலே நடனமாடும் அந்த லாகவத்துக்குப் பாரமில்லாத கடதாசிக் கூழே காரணம். அடிப்பாகம் கனமாகவும் மேற்பாகம் பாரமற்றதாகவும் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணியும் அந்த ஊர்க் கைவேலைதான். தஞ்சாவூர் பொம்மைக்கும் புதுச்சேரியின் திருக்கனூர்க் காகிதக் கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஆனால் பட்டயத்தை விட இவர்களைக் காப்பாற்றுவது நவராத்திரிக் கொலு. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியில் ஏற வேண்டும் என்ற வீட்டு வழக்கம் பல ஊர்ப் பொம்மைத் தொழிலைத் தாங்கி நிற்கிறது. விநாயகர் சதுர்த்தியையும் பாருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளுக்கு இந்திய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கட்டுப்பாடு விதித்த பிறகு, விழுப்புரம் போன்ற வட்டாரங்களில் காகிதக் கூழும் மரவள்ளிக்கிழங்கு மாவும் கலந்த பெரிய சிலைகள் பெருகின. நாள் நிலையாக இருந்ததால் பொருள் மாறியபோதும் தொழில் மாறவில்லை.

காஷ்மீர் இதற்கு விதிவிலக்குப் போலத் தோன்றும். அங்கே கலையை வளர்த்தது அரசவையும் ஏற்றுமதியும். ஆனால் இன்று காஷ்மீர்க் கைவினைஞர்களுக்குப் பெரிய வருமானம் தருவனவற்றுள் ஒன்று கிறிஸ்மஸ் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகளும் மணிகளும்தான். ஆற்றங்கரை நகரமான ஸ்ரீநகரின் பட்டறைகள், தொலைதூர நாடுகளின் மார்கழி மாதத்துக்காக ஆண்டு முழுவதும் வேலை செய்கின்றன. சொந்த ஊரில் இல்லாவிட்டாலும் எங்கோ ஒரு திருநாள் அந்தக் கலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கருங்கல்லும் வெண்கலமும் நிலைத்திருக்கச் செய்யப்படுபவை. ஒருமுறை கோயிலில் வைத்தால் சிற்பிக்கு அங்கே மறுபடி வேலையில்லை. கடதாசி அழியக்கூடியது. எரிகிறது, கரைகிறது, எலி கடிக்கிறது, குழந்தை கையில் நசுங்குகிறது. அந்த அழிவைக் குறையாகக் கருதித்தான் பலர் இதைத் தாழ்ந்த கலை என்கிறார்கள். என் கணிப்பில் அதுவே இதன் பலம். அழிவதால்தான் மறுபடி செய்யப்படுகிறது. மறுபடி செய்யப்படுவதால்தான் மகள் தாயிடம் இருந்து கற்கிறாள்.

தீவகத்தின் நாட்கள்

யாழ்ப்பாணத்துத் திருவிழாவில் கடதாசிக்கு எப்போதும் இடம் இருந்திருக்கிறது. தேருக்கு முதல்நாள் இரவு வீதிவலம் வரும் சப்பறம், மரச்சட்டத்தின் மேல் வர்ணக் கடதாசியும் தகடும் ஒட்டிச் சோடித்து எழுப்பப்பட்டது. கூத்து முடிகளில் மெல்லிய பலகையோடு காட்போட் மட்டையும் சரிகைத்தாளும் சேர்ந்தன. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று வானில் ஏறும் பட்டங்களில் விமானமும் விலங்கும் பறவையும் உருவமாக எழுவதைக் காண ஆண்டுதோறும் பெருங்கூட்டம் கூடுகிறது. கத்தோலிக்க மக்கள் வாழும் ஊர்காவற்றுறைப் பக்கத்திலும் மற்ற இடங்களிலும் பாலன் குடிலுக்கு மலை செய்யும் முறையைக் கவனித்தால், அது முழுமையான கூழ்ச் சிற்பத்துக்கு ஒரு படி கீழே நிற்பது தெரியும். சீமெந்துப் பையின் தடித்த கடதாசியைக் கசக்கி, கோதுமை மாப் பசையில் தோய்த்து, அடுக்கிய கட்டைகள் மேல் போர்த்துவார்கள். காய்ந்ததும் பாறையின் மடிப்பும் முனையும் தாமாகவே அமையும். கரும்பச்சையும் மண்ணிறமும் தெளித்தால் மலை வந்துவிடும். மலை செய்யத் தெரிந்த கைக்கு மாடும் ஆடும் இடையனும் எட்டாதவை அல்ல. கடையில் வாங்கும் பிளாஸ்டர் உருவங்களின் இடத்தை ஊர்ப் பிள்ளைகளின் உருவங்கள் பிடிக்கலாம்.

இங்கே மூன்று நாட்களைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, புரட்டாசியில் பாடசாலைகளில் நடக்கும் வாணி விழா. தமிழ்நாட்டின் வீட்டுக் கொலு போல இங்கே பரவலான வழக்கம் இல்லாவிட்டாலும், கும்பம் வைத்துக் கலைமகளைப் போற்றும் இந்த நாள் ஒவ்வொரு பாடசாலைக்கும் உண்டு. சித்திரபாட மாணவர்கள் ஆண்டுதோறும் ஓர் உருவம் செய்து வைக்க இதைவிடப் பொருத்தமான மேடை இல்லை.

இரண்டாவது, கந்தசஷ்டியின் சூரன்போர். யானைமுகன், சிங்கமுகன், சூரன், மாமரம், கடைசியில் சேவலும் மயிலும் எனத் தலை மாறிக்கொண்டே போகும் ஒரு பாத்திரத்தை விடச் சிற்பிக்கு வேறென்ன வேண்டும்? கோயிலின் மரச் சூரன் கோயிலில் இருக்கட்டும். பிள்ளைகள் வீட்டில் வைத்து விளையாட, ஒரே உடலும் மாற்றிப் பூட்டும் தலைகளும் கொண்ட கைச்சூரனைக் கடதாசியில் செய்யலாம். மெக்சிக்கோவின் விசித்திர விலங்குகளுக்குக் குறையாத கற்பனை நம் கந்தபுராணத்தில் இருக்கிறது.

மூன்றாவது, ஆனி மாதத்து நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா. யாத்திரிகர்கள் வேலணை வழியாகத்தான் குறிகட்டுவான் துறைக்குப் போகிறார்கள். அம்மனை வழிபட வாயில் மலரோடு கடலில் நீந்தி வந்த நாகத்தையும், அதை மறித்த கருடனையும், இடையே புகுந்து நாகத்தைக் காத்த வணிகனையும் பற்றிய கதை தீவகத்துக்கே உரியது. பாம்பு சுற்றிய கல்லும் கருடன் இருந்த கல்லும் கடலில் காட்டப்படுகின்றன. ஜப்பானின் அய்சு வட்டாரத்தில் சிவப்பு நிறக் கடதாசி மாடு ஒன்று செய்வார்கள். உடலுக்குள் நூலில் தொங்கும் அதன் தலை, தொட்டால் மெல்ல ஆடும். தஞ்சாவூர்ப் பொம்மையின் தத்துவமும் அதற்கு அண்மையானதே. வாயில் மலர் ஏந்தி, படம் விரித்துத் தலையாட்டும் கடதாசி நாகம் ஒன்றை ஆனித் திருவிழாக் கடைகளில் நினைத்துப் பாருங்கள். பனங்கட்டிக் குட்டானுக்கும் ஓலைப் பெட்டிக்கும் பக்கத்தில் அதற்கும் இடம் இருக்கும். வேறெந்த ஊரும் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. நெடுந்தீவின் குதிரைகளும் பூநாரைகளும் அதன்பின் தாமாகவே வந்து சேரும்.

உப்புக் காற்றுக்கு ஏற்ற செய்முறை

வேறிடத்துச் செய்முறையை அப்படியே கொண்டுவந்தால் தீவகத்தில் அது தோற்கும். முதற்சிக்கல் தண்ணீர். கூழ் வேலைக்கு நிறைய நீர் வேண்டும். இங்கே பல கிணறுகள் உவர். உவர்நீரில் ஊறிய கடதாசி காய்ந்தபின்னும் நாருக்குள் உப்புத் தங்கிவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். உருவம் நசிந்து, வர்ணம் உரிந்து போகும். ஆகவே நன்னீரோ சேமித்த மழைநீரோ தான் வேண்டும். நீரை மிச்சப்படுத்த, கூழ் அரைப்பதைக் குறைத்துப் படை ஒட்டும் முறையைக் கூட்டுவது நல்லது. ஒரு வாளி நீரில் அரைக்கும் வேலையை ஒரு கிண்ணம் பசையில் முடிக்கலாம்.

இரண்டாவது, காலம். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிட்டால் எதுவும் காயாது. ஆனி நாகம் மாசி பங்குனியிலேயே வெயிலில் நிற்க வேண்டும். ஐப்பசிச் சூரனும் மார்கழிக் குடிலும் ஆவணிக்குள் உலர்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் கூரைக்குக் கீழ் வர்ணம் தீட்டலாம்.

மூன்றாவது, சட்டகம். இங்கேதான் தீவகத்துக்குப் பிறர்க்கில்லாத வசதி இருக்கிறது. மெக்சிக்கோவில் நாணலிலும் கம்பியிலும் கட்டுவதை இங்கே பனை ஈர்க்கிலும் மட்டை நாரிலும் கட்டலாம். இற்றுப்போன கடகம் ஒன்று வயிற்றுக்கும், பழைய ஓலைப்பெட்டி மார்புக்கும், நீத்துப்பெட்டியின் கூம்பு அலகுக்கோ தொப்பிக்கோ ஆயத்த அச்சாகும். ஓலைப் பின்னலின் இடுக்குகளுக்குள் கடதாசி நார் புகுந்து பிடிப்பதால் உறுதி கூடும். முறத்துக்கு வெந்தயக் கூழ் பூசிய பாட்டிமார் கண்ட உண்மையும் இதுதான். 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிகளில் ஓலை பின்னக் கற்ற பெண்கள் தீவுப் பகுதிகளில் இருக்கிறார்கள். கடதாசிச் சிற்பம் அவர்களுக்குப் புதிய தொழிலாக அல்லாமல், தெரிந்த தொழிலின் நீட்சியாகவே அமையும்.

நான்காவது, பசையும் பூச்சியும். கோதுமை மாப் பசை இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை நம் மரபுக் கலைகள் பலவற்றில் பயன்பட்டது. ஒடிசாவின் பட்டசித்திரத் துணிக்கும் கொண்டப்பள்ளி மரப்பொம்மைக்கும் அதுதான் அடிப்படை. வெந்தய அரைப்பையும் கூடச் சேர்க்கலாம். காஷ்மீரத்தார் சேர்க்கும் மயில்துத்தம் நஞ்சு. பிள்ளைகள் வேலை செய்யும் இடத்தில் அது வேண்டாம். முற்றாக உலர்த்தி, மேலே வார்னிஷ் பூசி, கறையான் ஏறாத உயரத்தில் வைப்பதே முதற்காப்பு. எரிக்கவோ நீரில் விடவோ செய்யும் உருவங்களுக்கு வார்னிஷும் எனாமலும் கூடாது. மண்வர்ணமும் சுண்ணாம்பும் போதும். தீவுகளைச் சூழ்ந்த பரவைக் கடல் ஆழமற்றது. அங்கே கொட்டும் கூழ் அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியைக் குடித்துவிடும். மீன்குஞ்சு வளரும் இடத்தில் அதைக் கரைப்பது தகாது.

எந்தப் பேப்பரைக் கரைப்பது

பழைய பத்திரிகை என்றால் யாருக்கும் வேண்டாத குப்பை என்ற எண்ணம் காகிதம் குவிந்து கிடக்கும் நாடுகளில் பிறந்தது. இலங்கை வேறு அனுபவம் கண்ட நாடு. வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலிலும் கழிவுக் கடதாசியிலும் இருந்து தாள் செய்த காலமும் உண்டு. அது முடங்கிக் கிடந்த காலமும் உண்டு. 2022 மார்ச்சில் அச்சுத்தாள் கிடைக்காமல் 'தி ஐலண்ட்', 'திவயின' பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. யாழ்ப்பாணத்தார் அதற்கு முன்பே, போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, கடதாசித் தட்டுப்பாடு என்றால் என்ன என்று அறிந்தவர்கள். திருவிழாவில் கச்சான் சுற்றிக் கொடுக்கும் சுருளும் பழைய பேப்பர்தான். அதற்கு விலை உண்டு, பயனும் உண்டு.

இதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. 1959இல் தொடங்கிய 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் இருந்த பேப்பர்க் கட்டுகளும் கடிதங்களும் விழா மலர்களும் கவனிப்பாரற்றுப் போயின. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்துப் பத்திரிகைகளையும் சிறு வெளியீடுகளையும் மின்வடிவில் சேர்த்துவருவது இந்த இழப்பின் பின்னணியில்தான். ஆகவே இங்கே கூழ்ச் சிற்பம் செய்பவர் ஒரு கடமையையும் ஏற்க வேண்டும். ஊறவைக்கும் முன் திகதியைப் பார்க்க வேண்டும். போருக்கு முந்திய, போர்க்கால இதழ்கள், கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், மரண நினைவு மலர்கள் எதுவும் வாளிக்குள் போகக் கூடாது. அவை நூலகத்துக்கோ ஆவணம் சேர்ப்பவர்களுக்கோ போக வேண்டும். பல பிரதிகள் உள்ள அண்மைக்காலத் தாள்களே கலைக்கு. மாணவர்கள் இப்படிப் பிரித்து வைக்கப் பழகினால், சிற்ப வகுப்பு வரலாற்று வகுப்புமாகும். ஒரு பரணில் இருந்து ஓர் அரிய இதழ் மீண்டு வந்தாலும் அந்தப் பட்டறை தன் செலவுக்கு மேல் பயன் தந்ததாகும்.

தொடங்கும் முறை

தக்கசாக்கித் துறவி செய்ததை நாமும் செய்யலாம். அவர் பத்து உருவங்களைக் கற்பிக்கவில்லை. ஓர் அச்சையும் ஒரு சந்தை நாளையும் கொடுத்தார். சரவணையிலோ வேலணையிலோ ஒரு பாடசாலையோ மாதர் சங்கமோ முன்வந்து ஒரே ஓர் உருவத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். என் தெரிவு தலையாட்டும் நாகம். நல்ல சிற்பாசாரி ஒருவரிடம் அதற்கு மர அச்சுச் செய்விக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்திரத்துறையில் பயின்றவர்கள் வடிவமைப்பில் கைகொடுக்கலாம். மாசியில் தொடங்கி ஆனிக்குள் செய்து, திருவிழாவுக்குப் போகும் வழியில் விற்க வேண்டும். முதலாண்டு சிறு தொகை போதும். அடுத்த ஆண்டும் அதே உருவம், அதே நாள். மூன்றாம் ஆண்டில் யாத்திரிகரே கேட்டு வாங்கத் தொடங்கினால் கலை வேர்பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் இரண்டாவது உருவத்தைப் பற்றி யோசிக்கலாம்.

நிதி கொடுப்போரும் பயிற்சி நடத்துவோரும் இந்த ஒழுங்கை மாற்றி, பல உருவங்களை ஒரே பட்டறையில் கற்பித்துச் சான்றிதழோடு அனுப்பிவிடுகிறார்கள். நாள் குறிக்காத கலைக்கு வாங்குபவர் வரமாட்டார். சான்றிதழ் பெற்ற பெண்களின் உழைப்பும் நம்பிக்கையும் இப்படி வீணாவது, பழைய பேப்பர் வீணாவதை விடப் பெரிய இழப்பு. கடதாசியை மீட்பது எளிது. ஒருமுறை ஏமாந்த கைகளை மீண்டும் வேலைக்கு அழைப்பது கடினம். ஆகவே பட்டறைக்குத் திகதி குறிக்கும் முன் திருவிழாத் திகதியைக் கேட்டறிந்துகொள்வோம். மற்ற வேலைகளை அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுவோம்.